வெளுக்காத சாயம்

ஒருவருடைய போலித்தனம் வெளிப்படும்போது, "அவர் சாயம் வெளுத்துப் போயிற்று" என்கிறோம். சாயக்காரர் தெருவில் பிறந்து அறநெறிக்குள் புகுந்த சொல் இது. கடையில் பளபளப்பாகத் தோன்றிய துணி முதல் சலவையிலேயே நிறம் விட்டு, உடன் கிடந்த வெள்ளைத் துணியையும் கெடுத்துவிடும் துன்பத்தை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். சாயம் நிற்குமா என்பதைத் தண்ணீர்தான் காட்டும். நாம் செய்யும் தருமத்துக்கும் அத்தகைய ஒரு சலவை உண்டு. அது நம் ஊருக்கும் ஒரு நாள் வந்தது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்து நாகப்பட்டினம் முதலான கடற்கரை ஊர்களை அழித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாரமே நம் பங்கிலிருந்தும் ஒரு லாரி நிறையத் துணி அனுப்பினோம். பூசையின் முடிவில் அறிவித்தோம். இரண்டே நாளில் மூட்டைகள் குவிந்தன. ஒன்றையும் நாம் பிரித்துப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அக்கரைக்குச் சென்றபோது, சாலையோரங்களில் பழந்துணிகள் மலைமலையாகக் கிடந்தன. நாடெங்கிலும் இருந்து வந்தவை அவை. கிழிந்த சட்டைகள், பொத்தானற்ற காற்சட்டைகள், நிறமிழந்த சேலைகள். ஆடுகள் அவற்றின்மேல் படுத்திருந்தன. கூடாரத்தின் முன் அமர்ந்திருந்த ஒரு மீனவப் பெண் நம்மிடம் சொன்னார்: "சாமி, எங்க வீடுதான் போச்சு. நாங்க கந்தல் கட்டினவங்க இல்லை."

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. ஏழைக்கென்று துணி தேர்ந்தெடுக்கும்போது நம் மனம் எதைத் தேர்ந்தெடுக்கிறது? இதற்கு விடை தேடிப் படித்து வந்தபோது, ஓர் எளிய பொருளின் வரலாறு நம் கையில் அகப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் பல தலைமுறைகளாகத் தருமத்துக்கென்று தைத்து வந்த ஒட்டுப்போர்வைதான் அது. 'குயில்ட்' என்று அவர்கள் அதனை அழைப்பர். மேலே பல வண்ணத் துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து, சுற்றிலும் ஓரப்பட்டி அடித்தால் போர்வை ஆயிற்று. இதில் எந்தத் துணி, எந்தப் பஞ்சு, எந்த நூல் என்பது கைவேலைக்காரரின் கவலை மட்டுமே என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வாறில்லை என்பதை இவ்வரலாறு கற்பித்தது. வியப்பு என்னவெனில், அப்போர்வையின் ஒளிமிக்க வண்ணங்களின் கதை நம் சோழமண்டலக் கரையிலேயே தொடங்குகிறது.

சாயவேரும் ஒரு குருவின் கடிதமும்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் நம் கரையிலிருந்து ஏற்றிச் சென்ற சரக்குகளுள் சீட்டித் துணி முதன்மையானது. ஐரோப்பியர் பருத்தித் துணியில் வண்ணம் தீட்டத் தெரியாதவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் தீட்டிய வண்ணம் துவைத்தால் போய்விடும். நம் கைவினைஞரின் துணியோ துவைக்கத் துவைக்க ஒளி கூடியது. அதன் சிவப்பைத் தந்தது சாயவேர். மணற்பாங்கான நிலத்தில் வளரும் ஒரு சிறு செடியின் மெல்லிய வேர் அது. கிருஷ்ணா ஆற்றுக் கழிமுகத்திலும், நம் கிழக்குக் கரையிலும், கடலுக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் அதனை அகழ்ந்தார்கள். டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் இலங்கையில் அவ்வேரைத் தோண்டிக் கொடுப்பது குறிப்பிட்ட குலத்தார்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அழகிய சிவப்பின் அடியில் அம்மக்களின் நகக்கண்களும் இருந்தன.

இந்தச் சாயத் தொழிலின் முறையை ஐரோப்பாவுக்கு விரிவாக எழுதி அனுப்பியவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு குரு. இயேசு சபையைச் சேர்ந்த கஸ்தோன் லொரான் கேர்தூ என்னும் பிரெஞ்சு மறைபரப்பாளர் அவர். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டென 1767 இல் எழுதிய அறிஞர். 1779 இல் புதுச்சேரியில் மறைந்தார். 1742 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் இத்தொழிலைப் படிப்படியாக விளக்குகிறது. அண்மையில் திருமுழுக்குப் பெற்றிருந்த கைவினைஞர்களை வினவியே அவர் இச்செய்திகளைத் திரட்டினார்.

முறை இதுதான். வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவர். பாலின் கொழுப்பு, பின்னர் தீட்டப்படும் நீர்மம் பரவிச் சிதறாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு வண்ணத்தைப் பிடித்து வைக்கும். அடுத்து, கறுப்புக் கோடுகளை இரும்பு ஊறிய புளித்த நீரால் வரைவர். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவர். அப்போது அங்கு நிறம் ஏதும் வராது. பிறகு துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் நீரில் இடுவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பற்றிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஏறிய நிறம் சாணம் கரைத்த நீரிலும் வெயிலிலும் மீண்டும் மீண்டும் அலசப்படும்போது அகன்றுவிடும். நீலத்துக்கு முறை வேறு. நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பர். ஒரு துணி முடிவதற்குப் பல வாரங்கள் ஆகும். வண்ணத்தைத் துணியின்மேல் பூசாமல் இழையோடு உறவாக்கிவிடுவதே இக்கலையின் மறைபொருள்.

கேர்தூ அடிகளின் கடிதம் அச்சேறிப் பரவியது. இத்தகைய குறிப்புகளை வேறு பலரும் எழுதினர்; ஆகவே அக்கடிதம் ஒன்றே நம் நெசவாளரையும் சாயக்காரரையும் வீழ்த்தியது என்பது மிகை. ஆயினும் ஒரு குருவாக இருந்து இதனைப் படிக்கும்போது நம் உள்ளம் சற்றுக் கலங்குகிறது. தம்மை நம்பித் தொழிலின் நுணுக்கத்தைச் சொன்ன எளியவர்களுக்கு அதனால் என்ன நேரும் என்று அவர் எண்ணினாரா? பயனுள்ள அறிவு எல்லார்க்கும் பொது என்னும் நல்லெண்ணத்தால் அவர் எழுதியிருக்கலாம். நல்லெண்ணம் மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. பிரித்துப் பாராமல் மூட்டை ஏற்றி அனுப்பிய நமக்கும் நல்லெண்ணம் இருந்தது.

துண்டுக்கும் மதிப்பு

நம் சீட்டித் துணிக்கு ஐரோப்பாவில் எழுந்த மோகம் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளரை அச்சுறுத்தியது. பிரான்சு 1686 இல் தடை விதித்தது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700 இல் ஒரு சட்டமும், 1721 இல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் இயற்றியது. 1774 இல்தான் தடை முற்றிலும் நீங்கியது. கிடைப்பதற்கு அரிய பொருளின் சிறு துண்டுக்கும் மதிப்பு வந்துவிடும் அன்றோ? பழைய திரைகளிலும் உடைகளிலும் எஞ்சிய பூக்களைக் கவனமாக வெட்டி, வேறு துணிமேல் பொருத்தித் தைப்பதும், துண்டுகளை இணைத்துப் போர்வை செய்வதும் வழக்கமாயின. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் உள்ள ஒட்டுப்போர்வை 1708 ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டது என்பர். அது இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. இக்கைவேலை குடியேறிகளோடு அமெரிக்காவுக்கும் சென்றது.

அக்காலப் போர்வைகளை இன்று காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். சிவப்பும் நீலமும் இன்னும் நிற்கின்றன. கறுப்பும் கரும்பழுப்பும் இருந்த இடங்களில் பல வேளைகளில் துணியே இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. கறுப்புக்குப் பயன்பட்ட இரும்பு, நாளடைவில் இழையைத் தின்றுவிடுகிறது. ஒரு போர்வை எத்தனை தலைமுறை நிற்கும் என்பதைத் தைத்தவளின் திறமை மட்டும் முடிவு செய்யவில்லை. துணி தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

தொட்டில் போர்வை

தருமத்துக்கெனத் தைக்கப்பட்ட போர்வைகளுள் மிகச் சிறியதும் நம் நெஞ்சைத் தொடுவதுமான ஒன்று 1836 ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் விற்கப்பட்டது. அடிமை முறையை எதிர்த்த அந்நகரப் பெண்கள் சங்கத்தார் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிச் சந்தை நடத்திப் பணம் திரட்டுவர். அவ்வாண்டுச் சந்தைக்கு, சிறு நட்சத்திரங்களை ஒட்டி அமைத்த ஒரு தொட்டில் போர்வை வந்தது. எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் அம்மையாரின் படைப்பாக அது கருதப்படுகிறது. நடு நட்சத்திரத்தில் அழியாத மையினால் சில வரிகள் எழுதப்பட்டிருந்தன. தன் குழந்தையை அணைக்கும் தாய், குழந்தையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயை நினைக்க வேண்டும் என்பது அவற்றின் கருத்து. போர்வை இன்றும் நியூ இங்கிலாந்து வரலாற்று நிறுவனத்தின் காப்பில் உள்ளது.

மையைப் பற்றியும் ஒரு சொல். இரும்பு கலந்த பழைய மைகள் துணியை அரித்தன. துணிக்கு ஊறு செய்யாத மைகள் கடைக்கு வந்த பிறகே போர்வைகளில் எழுதும் வழக்கம் பெருகியது. சொல்ல வந்த செய்தி நிற்க வேண்டுமானால், சொல்லும் கருவியும் துணிக்குப் பகையாகாதிருக்க வேண்டும்.

ஆனால் இதைவிட ஆழமான முரண்பாடு ஒன்று அங்கே இருந்தது. அடிமைகளை விடுவிக்கத் தைக்கும் போர்வையின் பருத்தியைப் பறித்தவர் யார்? அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் அடிமைகளே பாடுபட்டனர். 1860 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். இதனை உணர்ந்த குவேக்கர் சபையார் சிலர், அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியையும் சர்க்கரையையும் தொடுவதில்லை என்று உறுதி பூண்டனர். தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் தந்து பெயர் பெற்ற லெவி காஃபின், 1847 இல் சின்சினாட்டி நகரில் அடிமை உழைப்புக் கலவாத பொருள்களுக்கென்றே மொத்த வணிகக் கடை ஒன்றைத் தொடங்கினார். அத்தகைய பருத்தித் துணி விலை கூடுதல், வகைகளோ குறைவு. வாங்குவோர் சிலரே. பத்தாண்டுகளில் அவர் கடையை விட்டுவிட்டார். வணிகக் கணக்கில் அது தோல்விதான். ஆயினும் துணிக்கடையில் நின்று, "என்ன விலை?" என்பதற்கு முன் "யார் கை உழைத்தது?" என்று கேட்டவர்கள் அவர்கள். நம் நாட்டு நூற்பாலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் உழைப்போரை அறிந்த நமக்கு அக்கேள்வி பழையதாகத் தோன்றவில்லை.

விற்கும் போர்வையும் போர்த்தும் போர்வையும்

தருமப் போர்வைகள் இரு வகைப்படும் என்பதை இங்கே கூற வேண்டும். ஒன்று, விற்றோ ஏலமிட்டோ குலுக்கலில் வைத்தோ பணம் திரட்டுவது. மற்றொன்று, தேவையுள்ளவருக்கே நேராகச் செல்வது. முதல் வகை செல்வர் கண்ணைக் கவர வேண்டும். ஆகவே நல்ல துணி. இரண்டாம் வகை ஏழையின் உடலை மூட வேண்டும். ஆகவே எஞ்சிய துணி. இந்த வேறுபாடு எங்கும் காணப்படுகிறது; யாரும் இதனை வாய்விட்டுச் சொல்வதில்லை.

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், வடமாநிலங்களின் படைவீரருக்கு மருத்துவ உதவி செய்யச் சுகாதார ஆணையம் ஒன்று அமைந்தது. ஏழு அடி நீளமும் ஐம்பது அங்குல அகலமும் உள்ள போர்வைகளை மலிவான துணியில் செய்தனுப்புமாறு அது பெண்களை வேண்டியது. அவ்வளவு முகாம்களின் குறுகிய கட்டிலுக்கேற்றது. ஊர்தோறும் பெண்கள் தைத்தனர். சிலர் புதிதாகத் தைக்க நேரமின்றித் தம் வீட்டுப் பெரிய போர்வைகளையே வெட்டிக் கட்டில் அளவுக்கு மாற்றினர். அவை காயம்பட்டோரைப் போர்த்தின, இறந்தோரோடு புதைக்கப்பட்டன. எஞ்சியிருப்பவை மிகச் சில. ஒரு தருமப் போர்வை அருங்காட்சியகத்துக்கு வராமற்போனால், அது தன் பணியைச் செய்து தேய்ந்தது என்றே பெரும்பாலும் பொருள்.

முதல் உலகப் போரின்போது முதல் வகைப் போர்வை பெருகிற்று. 1917 டிசம்பரில் 'மாடர்ன் பிரிசில்லா' என்னும் பெண்கள் இதழ், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டும் போர்வை ஒன்றின் அமைப்பை வெளியிட்டது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவைகள். சுற்றிலும் பணம் கொடுத்தோரின் பெயர்கள். ஒரு போர்வையால் ஆயிரம் டாலர் திரட்டலாம் என்று அவ்விதழ் ஊக்கமூட்டியது. பெயர் ஒன்றுக்குச் சிறு தொகை. பெயர்கள் நிரம்பியபின் போர்வையையும் ஏலமிடலாம்.

வெள்ளையும் சிவப்பும் அருகருகே அமைந்தால் சாயம் நிற்க வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிடும். இதற்கு ஏற்ற துணி 'துருக்கிச் சிவப்பு' எனப்பட்டது. எண்ணெயும் படிகாரமும் ஏற்றி, மஞ்சிட்டி இனத்து வேரால் பல நாள் சாயமிடும் இம்முறை கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அந்த வேரிலும் நம் சாயவேரிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்னும் ஒரே பொருள். 1868 இல் கிரேபே, லீபர்மான் என்னும் இரு ஜெர்மானிய வேதியியலார் அதனைத் தொழிற்கூடத்திலேயே உண்டாக்கிவிட்டனர். வேரின் காலம் முடிந்தது, சிவப்பு மலிந்தது. மலிந்ததால்தான் சிற்றூர்ப் பெண்களும் நூற்றுக்கணக்கான போர்வைகளில் சிலுவைகளை வெட்டித் தைக்க முடிந்தது. எளியவர்க்கு வந்த அந்த வசதிக்கு, வேர் தோண்டியவரும் சாயமிட்டவரும் தம் பிழைப்பை விலையாகக் கொடுத்தனர்.

மாவு மூட்டையில் மலர்ந்த பூக்கள்

ஏழைகளுக்கு வண்ணம் எதற்கு, உடல் மூடினால் போதாதா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு மாவு வணிகர் விடை கூறியிருக்கிறார். அமெரிக்காவில் மாவும் தீவனமும் பருத்தித் துணி மூட்டைகளில் விற்கப்பட்டன. ஏழைக் குடியானவப் பெண்கள் மூட்டையைப் பிரித்து, எழுத்துகள் போகும்வரை ஊறவைத்துத் தேய்த்து, உள்ளாடையும் விரிப்பும் தைத்துக்கொள்வர். எழுத்து முழுதும் போகாமல் குழந்தையின் முதுகில் ஆலையின் பெயர் தெரிவதும் உண்டு. செயிண்ட் லூயிஸ் நகரின் மாவாலை ஒன்று 1925 இல் தன் மாவைக் கட்டம் போட்ட வண்ணத் துணியில் விற்கத் தொடங்கியது. பிறகு, பூப்போட்ட மூட்டைகளைத் தருவதில் ஆலைகள் போட்டியிட்டன. ஓவியர்களை அமர்த்திப் புதுப்புது வடிவங்கள் வரைவித்தன. ஆலையின் பெயரை நீரில் நனைத்தால் உரிந்துவிடும் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டின.

1930களின் கொடிய வறுமையில் இம்மூட்டைகள் ஒட்டுப்போர்வைகளாயின. நூறு பவுண்டு தீவன மூட்டை ஒன்றைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேற்பட்ட துணி கிடைக்கும். ஒரே பூவில் இன்னொரு மூட்டை வேண்டுமென்று மனைவி சொல்ல, கணவர் கடையில் குவியலின் அடியிலிருந்து அதை உருவச் சொன்ன கதைகள் பல. ஆலைக்காரருக்கு இதில் இலாபமே நோக்கம் என்பது உண்மை. ஆயினும் அவர் அறிந்துகொண்டதை நாம் அறியாதிருந்தோம். ஏழைப் பெண்ணுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. தேர்ந்தெடுக்கும் கண் உண்டு. கடற்கரையில் பழந்துணியை நம் முகத்துக்கு நேரே மறுத்ததும் அதே கண்தான்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு

நேராகப் போர்த்தும் போர்வைகளின் மரபு இன்றும் தொடர்கிறது. 1945 இல் அமெரிக்க லூத்தரன் சபையார், போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவ ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதன் வழியாகச் சபைப் பெண்கள் தைத்த போர்வைகள் இன்றும் பல நாட்டு அகதிகளுக்குச் செல்கின்றன. அளவு, 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும். அது போர்வையாகும், தரைவிரிப்பாகும், வெயில் மறைக்கும் கூரையாகும், மூட்டை கட்டும் துணியுமாகும். ஆகவே தேர்வில் மிகுந்த கவனம் வேண்டும். பட்டறிவால் அப்பெண்கள் கண்ட நெறிகள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் பெறுபவரின் முகம் இருக்கிறது.

முதலாவது, மேல்துணி. நல்ல நெருக்கமான பருத்தியே ஏற்றது. வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்துவிட வேண்டும். புதுப்பருத்தி சுருங்கும், ஏற்கெனவே துவைத்த துணியோடு அதை இணைத்தால் பின்னர் அது சுருங்கித் தையலை இழுக்கும். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒட்டுத்துணியைப் பற்றிக் கூறும் உவமை இந்தத் தையற்காரர் அறிவின்மேல்தான் நிற்கிறது. அன்னை மரியா ஒட்டுப் போடுவதை நாசரேத்தில் பார்த்திருப்பார் போலும். சிவப்பு, கருநீலம் போன்ற ஆழ்ந்த நிறங்களுக்குத் தனிச் சோதனை உண்டு. துணியின் ஒரு மூலையை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்த வேண்டும். கறை படிந்தால் அத்துணி எத்துணை அழகாயினும் தள்ளத்தக்கது.

இரண்டாவது, நடுப்பஞ்சு. பருத்திப் பஞ்சு மென்மையானது; ஆனால் நெருக்கமாகத் தைக்காவிட்டால் துவைக்கும்போது உருண்டு திரண்டுவிடும். கம்பளி ஈரத்திலும் சூடு தரும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய பாலியெஸ்டர் பஞ்சு எடை குறைந்தது, விரைவில் காயும், ஆனால் நெருப்புப் பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனைக் குழந்தைக்கு ஏற்றது, திறந்த அடுப்பின் அருகே படுத்துறங்கும் குடும்பத்துக்கு ஏற்றதாகாது. எது சிறந்த பஞ்சு என்று பொதுவாகக் கேட்டால் விடை இல்லை. யார் போர்த்தப் போகிறார் என்பதை அறிந்தால் விடை உண்டு.

மூன்றாவது, இணைப்பு. பொறுமையாக ஓட்டுத்தையல் போட நேரமில்லாதபோது, உறுதியான பருத்தி நூலால் நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக இரட்டை முடிச்சுகள் இடுவர். அழகுக்காகப் பொத்தான்கள் வைப்பதுண்டு. குழந்தைப் போர்வையில் அவை கூடா, வாயிலிட்டு விழுங்கும். இறுதியாக, ஓரப்பட்டி. போர்வையில் முதலில் நைந்து போவது நடுப்பகுதி அன்று, ஓரமே. கைபடுவதும் இழுபடுவதும் அங்குதான். ஆகவே ஓரத்துக்கு இரட்டையாக மடித்த துணியே வேண்டும். அதையும் குறுக்குச் சாய்வாக வெட்டினால் இழைகள் விளிம்பில் சாய்ந்து ஓடி நெடுநாள் தாங்கும். மலிந்த துணியை ஓரத்துக்கு வைப்பவர் ஓராண்டில் போர்வையையே இழப்பார். சமூகத்தின் ஓரத்தில் இருப்பவர்க்கு எஞ்சியதைத் தரும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் மொழி. ஏழையின் மானம் தூய்மையில் இருக்கிறது என்பது அதன் கருத்து. அவ்வாறெனில், கசக்கினால் கிழியும் துணியையும், அலசினால் வெளுக்கும் துணியையும் கொடுப்பது அந்த மானத்தையே பறிப்பதாகும் அல்லவா?

பெறுபவரின் கை

இவ்வரலாற்றில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 1965 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில், பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் எப்பிஸ்கோப்பல் சபைக் குரு காரில் சென்றுகொண்டிருந்தார். வாக்குரிமைக்காகப் போராடியதால் நிலத்தையும் வீட்டையும் இழந்த கறுப்பின மக்களுக்குத் துணை செய்யும் பணியில் இருந்தார் அவர். வழியில் ஒரு குடிசையின் கொடியில் ஒளிமிக்க ஒட்டுப்போர்வைகள் தொங்கக் கண்டு நின்றார். வேலைக்காட்டில் நைந்த காற்சட்டை, சாக்கு, எஞ்சிய துண்டு ஆகியவற்றில் அப்பெண்கள் செய்தவை அவை. போர்வை ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க் நகரில் ஏலமிட வழி செய்தார். 1966 மார்ச்சில் அப்பெண்கள் தம் சொந்தக் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார்.

உதவி பெற வேண்டியவர்கள் என்று உலகம் எண்ணியவர்கள் ஆக்குநர்களாக எழுந்து நின்றார்கள். ஆயினும் அங்கும் ஒரு சிக்கல் வந்தது. பெருங்கடைகள் ஒரே மாதிரியான அளவும் நிறமும் கேட்டன. 1972 இல் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கோர்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வருவாய் வந்தது, துணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. ஆனால் வெட்டி எஞ்சிய கோர்டுராய்த் துண்டுகளை அப்பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தம் விருப்பம்போல் போர்வைகள் செய்தனர். 2002 இல் ஹூஸ்டன் கலைக்கூடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் அப்பகுதியின் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, கோர்டுராய்ப் போர்வைகளும் பலர் உள்ளம் கவர்ந்தன. எல்லாம் கட்டளைப்படி அமைந்த தொழிலின் நடுவே, எஞ்சிய துண்டில் தம் கண்ணையும் கையையும் அவர்கள் காத்துக்கொண்டனர்.

திருத்தூதர் பணிகள் நூலில் யாப்பா நகரத்துத் தபித்தாவைக் காண்கிறோம். தொற்கா என்றும் அவருக்குப் பெயர். அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியது, அவர் செய்து தந்த ஆடைகளை. ஒருவர் தந்த துணியை அவர் மறைந்த பின் ஏழைகள் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறார்கள்! நாம் அனுப்பிய மூட்டையிலிருந்து எதையேனும் எவரேனும் அவ்வாறு காட்டியிருப்பாரா?

இவ்வாண்டும் திருவருகைக் காலத்தில் நம் கோவில் வாயிலில் துணிப் பெட்டி வைக்கப்படும். அதன் அருகே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முழம் வெள்ளைத் துணியும் வைக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டோம். சாமி வேடிக்கை பேசுகிறார் என்று சிலர் சிரித்தார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்யும் முதியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெந்நீரா இருக்கணும் சாமி. பச்சைத் தண்ணியில வெளுக்கறது தெரியாது."

அவர் சொன்னபடியே செய்யத் தீர்மானித்திருக்கிறோம். முதல் மூட்டையை நாமே பிரிப்போம்.